மருத்துவமனை வாசலுக்கு முன்பே: குமரி மாவட்டத்தில் ஒரு சிறு அறக்கட்டளை நிதி வழங்கும் முறை

நாகர்கோவிலை ஒட்டிய ஊர் ஒன்றில் சிறிய குடும்ப அறக்கட்டளையின் செயலாளராகப் பல ஆண்டுகள் பொறுப்பு வகித்தவன் என்ற முறையில், அதே வேலையை இனித் தொடங்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். வளைகுடா நாடுகளில் உழைத்துச் சேர்த்த பணத்திலோ ரப்பர் தோட்ட வருமானத்திலோ ஒரு பங்கை ஒதுக்கி, ஏழைகளின் மருத்துவத்துக்கென்று அறக்கட்டளை தொடங்கும் குடும்பங்கள் குமரி மாவட்டத்தில் பல உண்டு. மனம் இருக்கிறது, பணமும் ஓரளவு இருக்கிறது. அதை யாரிடம், எதற்காக, எந்த நிபந்தனையோடு கொடுப்பது என்பதில்தான் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள். நாங்களும் தடுமாறினோம்.

முதல் மூன்று ஆண்டுகள் நாங்கள் செய்ததெல்லாம் மருத்துவமனைக் கட்டணத்துக்குக் காசோலை எழுதியதுதான். ஒருமுறை கல்குளம் வட்டத்தைச் சேர்ந்த கொத்தனார் ஒருவரின் இதயச் சிகிச்சைக்கு எண்பதாயிரம் ரூபாய் கொடுத்தோம். ஆறு மாதம் கழித்து அவர் வீட்டுக்குப் போனபோதுதான் உண்மை தெரிந்தது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை அளிக்கும் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்கு அவர் முழுத் தகுதி உடையவர்; குடும்ப அட்டையில் முகவரி மாற்றாமல் இருந்ததால் மட்டுமே காப்பீட்டு அட்டை அவருக்குக் கிடைக்காமல் போயிருந்தது. கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் அவர் செய்திருந்த பதிவும் புதுப்பிக்கப்படாமல் கிடந்தது. கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்கி, மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையம் வரை அவரோடு ஒருவர் இரண்டு நாள் அலைந்திருந்தால், எங்கள் எண்பதாயிரம் வேறு பலருக்குப் பயன்பட்டிருக்கும். அந்த இரண்டு நாள் அலைச்சலுக்குப் பணம் தர எங்கள் விதிமுறையில் இடமே இல்லை. மருத்துவமனை ரசீது இருந்தால் மட்டுமே உதவி என்று நாங்களே எழுதி வைத்திருந்தோம்.

இந்த மாவட்டத்தில் மருத்துவம் புதிதாக வந்த ஒன்றல்ல. லண்டன் மிஷனைச் சேர்ந்த மருத்துவர் ஆர்ச்சிபால்டு ராம்சே நெய்யூரில் மருத்துவப் பணியைத் தொடங்கியது 1838இல். இன்று ஆசாரிபள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. தனியார் மருத்துவமனைகளுக்குக் குறைவில்லை. புற்றுநோய்க்கும் இதய நோய்க்கும் திருவனந்தபுரம் போவது நம்மவர்களுக்குப் பழக்கமான வழி. கட்டிலும் மருத்துவரும் இல்லாத குறையைவிட, அவற்றிடம் போய்ச் சேர முடியாத குறையே இங்கே பெரிது. பேருந்துக் கட்டணம், இழந்த நாட்கூலி, கிடைக்காத ஒரு சான்றிதழ், புதுப்பிக்காத ஒரு பதிவு ஆகியவையே நோயாளியை வீட்டிலேயே நிறுத்தி வைக்கின்றன. ஆகவே ஓர் அறக்கட்டளையின் நிதியில் பெரும் பங்கு, நோயாளியோடு நடந்து அவருடைய உரிமையைக் கேட்டு வாங்கித் தரும் மனிதருக்குப் போக வேண்டும் என்பதே நான் கற்றுக்கொண்டது. மற்றவை எல்லாம் இதைச் சட்டப்படியும் முறையாகவும் செய்வதற்கான விவரங்கள்.

தேவையை நேரில் அறிதல்

நிதி வழங்கும் திட்டத்தை எழுதுமுன் ஒரு மாதமாவது மாவட்டத்தைச் சுற்றிப் பாருங்கள். 2011 கணக்கெடுப்பின்படி 18,70,374 பேர் வாழும் சிறிய மாவட்டம் இது. ஆனாலும் கடற்கரையின் தேவையும் மலையடிவாரத்தின் தேவையும் ஒன்றாக இருப்பதில்லை.

தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை போன்ற ஊர்களின் ஆழ்கடல் மீனவர்கள் பலர் கொச்சியைத் தளமாகக் கொண்டு வாரக்கணக்கில் கடலில் தங்குகிறார்கள். உடல்நலம் கெட்டாலும் கரை திரும்பும்வரை வைத்தியம் தள்ளிப் போகிறது. ஆள் கடலில் காணாமல் போனால் ஏழாண்டுகள் எந்தச் செய்தியும் இல்லாதபோதே இறந்ததாகக் கருத முடியும் என்ற சாட்சியச் சட்ட விதி குடும்பத்தின் மீது விழுகிறது. வங்கிக் கணக்கும் மீனவர் நல வாரியத் தொகையும் படகுக் கடனும் இறப்புச் சான்றிதழ் என்ற அந்த ஒன்றைச் சுற்றியே நிற்கின்றன. 2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயலில் ஆட்கள் திரும்பாத வீடுகள் அந்தப் பாரத்தை நன்கு அறியும். பேச்சிப்பாறைப் பக்கம் போனால் பிரச்சினையே வேறு. அணையின் நீரைப் படகில் கடந்து போக வேண்டிய காணி பழங்குடியினரின் குடியிருப்புகளில், பிரசவத்துக்கு ஒரு பெண்ணை நேரத்தில் கரை சேர்ப்பதே முதல் வேலை.

நடுவே உள்ள ஊர்களை மறந்துவிடக் கூடாது. குமரி மாவட்டத்தில் ஏறத்தாழ ஐம்பது பேரூராட்சிகள் இருக்கின்றன; தோற்றத்தில் கிராமமாகவும் ஏட்டில் நகரமாகவும் உள்ள ஊர்கள் இவை. நூறு நாள் வேலை என்று மக்கள் அழைத்துப் பழகிய ஊரக வேலைத் திட்டம் ஊராட்சிகளுக்கே உரியது என்பதால், பேரூராட்சி எல்லைக்குள் வாழும் கூலிக் குடும்பத்துக்கு அந்த வருமானம் இல்லை. பக்கத்து ஊராட்சியில் உள்ள உறவினருக்குக் கிடைப்பது தனக்கு ஏன் கிடைக்கவில்லை என்று கேட்கும் பெண்ணுக்குப் பதில் சொல்ல, எந்த ஊர் எந்த வகையில் சேர்ந்தது என்ற பட்டியல் உங்கள் கையில் இருக்க வேண்டும்.

துணையாளருக்கு ஊதியம்

மக்கள் அண்டி ஆபீஸ் என்று அழைக்கும் முந்திரிப் பருப்பு ஆலையில் வேலை செய்யும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். கொட்டையின் ஓட்டில் உள்ள எண்ணெய் கையின் தோலைப் புண்ணாக்குகிறது. நாள் முழுவதும் குந்தியிருப்பதால் இடுப்பும் முழங்காலும் தேய்கின்றன. மாத ஊதியம் 21,000 ரூபாய்க்கு மேற்படாத தொழிலாளி என்ற வகையில் தொழிலாளர் அரசு காப்பீட்டுத் திட்டத்தின் கீழ் அவருக்குச் சிகிச்சை உண்டு. நோய்க்கால உதவித்தொகையாக ஊதியத்தில் 70 விழுக்காடு, ஆண்டில் 91 நாட்கள் வரை பெறவும் வழி உண்டு. ஆனால் அந்த உதவித்தொகைக்கு ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் குறைந்தது 78 நாட்களுக்குப் பங்களிப்புச் செலுத்தப்பட்டிருக்க வேண்டும். அவர் உண்மையில் நூறு நாள் வேலை செய்திருந்தும் பதிவேட்டில் எழுபது நாள்தான் காட்டப்பட்டிருந்தால், நோயுற்ற மாதத்தில் அவர் வீட்டில் அடுப்பு எரியாது. மருத்துவ வசதியும் கூலி நீதியும் தனித்தனிப் பிரச்சினைகள் என்று நினைப்பவர்களுக்கு இந்த எழுபதுக்கும் எழுபத்தெட்டுக்கும் இடையே உள்ள எட்டு நாட்களையே நான் சுட்டிக்காட்டுவேன்.

இங்கே அறக்கட்டளை அந்தப் பெண்ணுக்கு ஐயாயிரம் ரூபாய் கொடுப்பது தவறில்லை. அவசரத்துக்குக் கொடுக்கத்தான் வேண்டும். அதோடு, ஆலைப் பெண்கள் தங்கள் வேலை நாட்களைத் தாங்களே ஒரு சிறு நோட்டில் குறித்து வைக்கவும், பங்களிப்பு விவரத்தை ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒப்பிட்டுப் பார்க்கவும், வேறுபாடு இருந்தால் எழுத்து மூலம் முறையிடவும் உடன் நிற்கும் ஓர் ஆளுக்கு மாத ஊதியம் கொடுத்தால், அதன் பயன் அதே ஆலையில் உள்ள அத்தனை பேரையும் எட்டும். இப்படிப்பட்டவரை நாங்கள் துணையாளர் என்று அழைத்தோம். அதே ஊர்க்காரராக, முடிந்தால் அதே தொழிலில் இருந்தவராக அமைவது நல்லது. ரப்பர் மரத்தில் பால்வெட்டும் தொழிலாளியின் மகள் தோட்டப் பகுதிக்கும், மீனவர் குடும்பத்துப் பெண் கடற்கரைக்கும் போனபோது கிடைத்த நம்பிக்கை, பட்டம் பெற்ற வெளியூர்க்காரருக்குக் கிடைக்கவில்லை.

ஆண்டுக்கு 10 லட்சம் ரூபாய் வழங்கக்கூடிய அறக்கட்டளை என்று வைத்துக்கொண்டால், நான் சொல்லும் பங்கீடு இது. இரண்டு துணையாளர்களுக்கு மாதம் 18,000 ரூபாய் வீதம் ஆண்டுக்கு 4,32,000 ரூபாய், பயணத்தோடு சேர்த்து 5 லட்சம்; நோயாளியின் பேருந்துக் கட்டணம், உடன் தங்குபவரின் சாப்பாடு, இழந்த கூலி ஆகியவற்றுக்கு 2 லட்சம்; வழக்கறிஞர் ஆலோசனை, மனுக்கள், பயிற்சிக் கூட்டங்கள் ஆகியவற்றுக்கு 2 லட்சம்; எதிர்பாராத இடருக்கு 1 லட்சம். ஊதியத்துக்குப் பாதிப் பணம் போகிறதே என்று அறங்காவலர்கள் கேட்பார்கள். கட்டிடத்தில் பெயர்ப் பலகை வைக்க முடியும், ஊதியத்தில் வைக்க முடியாது என்பதும் அந்தத் தயக்கத்துக்கு ஒரு காரணம் என்று நினைக்கிறேன். அந்தத் தயக்கத்தை வெளிப்படையாகப் பேசித் தீர்த்துவிடுங்கள். ஊதிய நிதியை ஓராண்டுக்கு மட்டும் அறிவிக்காமல் மூன்றாண்டுகளுக்கு உறுதி சொல்லுங்கள். அடுத்த ஏப்ரலில் வேலை இருக்குமா என்று தெரியாத ஒருவர் இன்னொருவருக்குத் துணை நிற்க முடியாது.

சட்டம் அனுமதிப்பதும் அனுமதிக்காததும்

பணத்தைக் கொடுக்கும் முன் ஆடிட்டரோடு அரை நாள் உட்காருங்கள். வருமான வரி விலக்குப் பெற்ற அறக்கட்டளை, தன் வருமானத்தில் 85 விழுக்காட்டை அந்த ஆண்டில் அற நோக்கங்களுக்குச் செலவிட்டிருக்க வேண்டும் என்பது அடிப்படை விதி. அதைப் பதிவு பெற்ற மற்றோர் அறக்கட்டளைக்கு நன்கொடையாகக் கொடுத்தால், 2023ஆம் ஆண்டு நிதிச் சட்டம் கொண்டு வந்த மாற்றத்தின்படி, கொடுத்த தொகையில் 85 விழுக்காடு மட்டுமே செலவாகக் கணக்கில் கொள்ளப்படும். நூறு ரூபாய் கொடுத்தால் எண்பத்தைந்து ரூபாய்தான் கணக்கில் ஏறும் என்பதை அறியாமல் ஆண்டு முடிவில் திகைத்தவர்கள் உண்டு. மற்றோர் அறக்கட்டளையின் மூலநிதிக்கு, அதாவது செலவிடாமல் முதலாக வைத்திருக்கும் நிதிக்குக் கொடுப்பது செலவாகவே ஏற்கப்படாது. 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வருவதால், அறக்கட்டளைப் பதிவுக்கான 12ஏபி, நன்கொடையாளரின் வரிச் சலுகைக்கான 80ஜி போன்ற பழக்கமான பிரிவு எண்கள் மாறுகின்றன. உங்கள் ஒப்பந்தப் படிவங்களில் பழைய எண்களை அப்படியே விட்டுவிடாதீர்கள்.

பதிவு இல்லாத சிறு குழுவுக்கோ தொழிற்சங்கத்துக்கோ நன்கொடையாகக் கொடுப்பதைவிட, உங்கள் அறக்கட்டளையின் சொந்தத் திட்டமாகவே அந்த வேலையை நடத்தி, துணையாளரின் ஊதியத்தையும் முகாம் செலவையும் நேரடியாகக் கொடுப்பது பாதுகாப்பானது. ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த செலவு வரிக் கணக்கில் ஏற்கப்படாது. எனவே சிறு தொகையையும் வங்கி வழியே கொடுப்பதைப் பழக்கமாக்குங்கள். அறங்காவலரின் உறவினருக்குப் பயன் போனால் விலக்கே கேள்விக்குள்ளாகும்.

நம் மாவட்டத்துக்கு மிக முக்கியமானது வெளிநாட்டுப் பணம். துபாயிலோ மஸ்கட்டிலோ வேலை செய்யும் நம்மவர், இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவராக இருந்து, தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வழக்கமான வங்கி வழியில் அனுப்பும் நன்கொடை, வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் வெளிநாட்டுப் பங்களிப்பு ஆகாது. அவர் கடவுச்சீட்டின் நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அவர் அமெரிக்கக் குடியுரிமையோ பிரிட்டிஷ் குடியுரிமையோ பெற்றுவிட்டவர் என்றால், அவரிடம் வெளிநாட்டு இந்தியக் குடியுரிமை (ஓசிஐ) அட்டை இருந்தாலும், அவருடைய பணம் வெளிநாட்டுப் பங்களிப்பே. அதற்குரிய பதிவு இல்லாமல் ஒரு ரூபாயும் வாங்கக் கூடாது. பதிவு இருந்தாலும் 2020 செப்டம்பர் திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணத்தை வேறு எந்த அமைப்புக்கும் மாற்றிக் கொடுக்க முடியாது. நிர்வாகச் செலவும் 20 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. ஆகவே பிற அமைப்புகளுக்கு நிதி வழங்குவதே உங்கள் நோக்கம் என்றால், உள்நாட்டு நிதியை மட்டும் நம்பித் திட்டமிடுங்கள்.

உரிமைக்காக வாதாடும் பணிக்கு நிதி

அறங்காவலர்கள் மிகவும் அஞ்சும் இடம் இது. கோரிக்கை, மனு, முறையீடு என்றாலே அரசியல் என்று ஒதுங்குகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். எல்லை தெளிவானது: எந்தக் கட்சிக்கும் எந்த வேட்பாளருக்கும் பணமோ ஆதரவோ இல்லை, தேர்தல் நேரத்தில் எந்த மேடையிலும் அறக்கட்டளையின் பெயர் இல்லை. இவற்றை ஒப்பந்தத்தில் எழுதிவிட்டால், சட்டம் ஏற்கெனவே தந்துள்ள ஒன்றைக் கேட்டு வாங்குவதற்கு உதவுவதில் அச்சப்பட ஒன்றுமில்லை. கட்சி அரசியலோடு தொடர்பின்றிப் பொதுக் கோரிக்கைக்காகப் போராடியதற்காக மட்டும் ஓர் அமைப்பை அரசியல் தன்மை கொண்டதென்று கூறி வெளிநாட்டு நிதியை மறுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2020 மார்ச்சில் கூறியிருக்கிறது. உள்நாட்டுப் பணத்தில் இயங்கும் சிறு அறக்கட்டளைக்கும் இந்தத் தீர்ப்பு மன உறுதி தரும்.

இந்தப் பணி துணையாளரின் நோட்டுப் புத்தகத்திலிருந்து தொடங்க வேண்டும். எந்த நாளில் யாரோடு எந்த அலுவலகத்துக்குப் போனார், என்ன காரணம் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள், எத்தனையாவது நடையில் காரியம் முடிந்தது என்பதை அவர் ஒவ்வொரு முறையும் எழுதி வைக்கட்டும். ஒரே காரணத்துக்காக நாற்பது பேர் திருப்பி அனுப்பப்பட்டிருந்தால், அது நாற்பது பேரின் துரதிர்ஷ்டம் என்று விட்டுவிட முடியாது. ஒரு விதியோ ஒரு நடைமுறையோ திருத்தப்பட வேண்டும் என்று பொருள். அந்த நாற்பது பதிவுகளையும் பெயர் நீக்கித் தொகுத்து, திங்கட்கிழமை தோறும் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனுவாகக் கொடுக்கலாம். பதில் வராவிட்டால் 10 ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ்க் கேட்டால் 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். ஊராட்சிகளில் கிராம சபை இருக்கிறது. அது கூடும் நாட்களில் ஒன்றான நவம்பர் 1, இந்த மாவட்டம் 1956இல் தமிழ்நாட்டோடு இணைந்த நாளும் ஆகும்.

வழக்கு என்று வந்துவிட்டால் வழக்கறிஞர் கட்டணத்துக்கு உடனே பணம் ஒதுக்காதீர்கள். 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், ஆலைத் தொழிலாளர்கள், பேரிடரால் பாதிக்கப்பட்டவர்கள் ஆகியோருக்கு மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவச உதவி தருகிறது. உங்கள் நிதி அவர்களை அங்கே அழைத்துச் செல்லும் செலவுக்குப் போதும். மருத்துவச் செலவுக்காகக் கந்துவட்டிக்கு வாங்கிச் சிக்கியவர்களுக்கு 2003ஆம் ஆண்டின் தமிழ்நாடு கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது என்பதையும் துணையாளர்களுக்குப் பயிற்சியில் சொல்லிக்கொடுங்கள். மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய பிறகுதான் பல குடும்பங்கள் உண்மையில் நொடிகின்றன.

விண்ணப்பமும் நேரில் பார்ப்பதும்

விண்ணப்பப் படிவம் இரண்டு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். தமிழில், கையெழுத்தில் வந்தாலும் ஏற்றுக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் அழகாக எழுதத் தெரிந்த அமைப்புக்கே பணம் போகும் நிலையை நாமே உருவாக்கக் கூடாது. பதிவுச் சான்று, வருமான வரி விலக்கு ஆணை, மூன்றாண்டுத் தணிக்கை அறிக்கை ஆகிய மூன்றையும் வாங்கிப் பாருங்கள். மீதியை நேரில் போய்த்தான் அறிய முடியும். பொன்னாடையும் வரவேற்புப் பாட்டும் ஏற்பாடு செய்ய நேரம் தராமல், முதல் நாள் மாலையில் சொல்லிவிட்டு மறுநாள் போங்கள். நிறுவனரிடம் பேசுவதைவிடக் கணக்கு எழுதுபவரிடமும் கடைசியாக உதவி பெற்ற இருவரிடமும் பேசுங்கள். போன மாதம் உங்களால் முடியாமல் போன காரியம் எது என்று கேளுங்கள். நல்ல அமைப்புகள் அதற்குத் தயங்காமல் பதில் சொல்கின்றன.

நம் மாவட்டத்தில் ஏறத்தாழ எல்லாத் தொண்டும் ஏதோ ஒரு பங்குப் பேரவையோடோ சபையோடோ சமுதாயச் சங்கத்தோடோ ஜமாத்தோடோ தொடர்புடையது. அதில் குறை காண ஒன்றுமில்லை. ஆனால் விண்ணப்பிக்கும் அமைப்போடு உறவுள்ள அறங்காவலர் அந்தத் தீர்மானத்தின்போது எழுந்து வெளியே போக வேண்டும் என்று விதி எழுதி, அதைக் கூட்டக் குறிப்பேட்டில் பதியுங்கள். உதவி எல்லாச் சமூகத்தாருக்கும் போகிறதா என்பதை அமைப்பின் பதிவேட்டில் சரிபாருங்கள். மறுக்கும் விண்ணப்பத்துக்கும் ஒரு மாதத்துக்குள் காரணத்தோடு கடிதம் அனுப்பிவிடுங்கள்.

அறிக்கையும் பணம் விடுவிக்கும் காலமும்

நோயாளியின் புகைப்படத்தை அறிக்கையில் கேட்காதீர்கள். நாங்கள் கேட்டு வாங்கியிருக்கிறோம். படுக்கையில் கிடந்த ஒரு தாயின் படத்தை ஆண்டறிக்கையில் அச்சிட்டதை, அவருடைய மகள் கண்ணீரோடு சுட்டிக்காட்டிய பிறகுதான் நிறுத்தினோம். அறிக்கையில் எண்ணிக்கையைவிட இரண்டு விவரங்கள் முக்கியம்: துணையாளர் மூலம் எத்தனை ரூபாய் மதிப்புள்ள அரசு உதவி மக்களுக்குக் கிடைத்தது, அதற்கு ஒருவருக்குச் சராசரியாக எத்தனை நடை ஆனது. நடைகளின் எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு குறைந்தால் உங்கள் பணம் சரியான இடத்தில் இருக்கிறது.

பணத்தை விடுவிக்கும் நாளையும் வங்கி வசதிக்கு விடாமல் ஊரின் நாட்காட்டிப்படி வையுங்கள். சின்னமுட்டம் உள்ளிட்ட கிழக்குக் கடற்கரைப் பகுதியில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை; குளச்சல், தேங்காப்பட்டணம் உள்ளிட்ட மேற்குப் பகுதியில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ரப்பர் தோட்டங்களில் இலை உதிரும் காலத்திலும் பெருமழையிலும் பால்வெட்டு நின்றுபோகிறது. அந்த மாதங்களில்தான் மருந்து வாங்குவது நிற்கிறது, முன்பணம் வாங்குவது தொடங்குகிறது. எனவே முதல் தவணையை ஏப்ரல் முதல் வாரத்திலும், இரண்டாவதை மே கடைசியிலும், மூன்றாவதைப் பருவமழைக்கு முன் செப்டம்பரிலும் அனுப்பும்படி மார்ச் கூட்டத்திலேயே தீர்மானம் போட்டுவிடுங்கள்.